பொக்கிமோன் அணி வளர்ப்பும் போட்டி நேர்மையும்

(எமது சங்க மண்டபத்தில், இளைஞர் கூட்டமொன்றிலே நிகழ்த்திய உரை)



இக்கூட்டத்தில் வழக்கமாகப் பேசப்படும் பொருள்கள் வேறு. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அறிவித்தற் பலகையிலே "பொக்கிமோன் அணி வளர்ப்பு" என்று கண்டவுடன், "இது சிறுபிள்ளை விளையாட்டன்றோ? இதற்கும் ஒரு சொற்பொழிவா?" என்று பெரியோர் சிலர் புன்னகை செய்தார்கள். அப்புன்னகையை நாம் குறையாகக் கொள்ளவில்லை. ஆனால் இளைஞர்கள் ஒன்றிலே மாதக் கணக்காக உழைக்கிறார்களென்றால், அவ்வுழைப்பு எத்தகையது, அதனால் அவர்கள் பெறுவது யாது, இழப்பது யாது என்று ஆராய்வது சங்கத்துக்கு உரிய பணியே. அன்றியும், சென்ற ஆண்டு எம்மிடையே எழுந்த ஒரு பிணக்கும் இப்பேச்சுக்குக் காரணமாகும். அதனைப் பின்னர் கூறுவோம்.

முதலில் இவ்விளையாட்டின் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். சத்தோஷி தஜிரி என்பவர் 1965 ஆம் ஆண்டு ரோக்கியோவிலே பிறந்தவர். அந்நகரின் புறத்தேயுள்ள மச்சிடாவில் வளர்ந்தவர். வயலிலும் குளக்கரையிலும் வண்டுகளையும் பூச்சிகளையும் தேடிப் பிடிப்பது அவருடைய இளமைப் பொழுதுபோக்கு. நாளடைவில் வயல்கள் வீடுகளாயின, பூச்சிகளும் மறைந்தன. பிற்காலத்தில், நின்டெண்டோ நிறுவனத்தாரின் 'கேம் போய்' என்னும் கைக்கருவிகள் இரண்டு ஒரு கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதை அவர் கண்டார். அக்கம்பி வழியே ஒரு பூச்சி ஒருவர் கருவியிலிருந்து மற்றவர் கருவிக்கு ஊர்ந்து செல்வதாக அவர் மனத்திலே ஒரு காட்சி தோன்றிற்று. அக்காட்சியிலிருந்து பிறந்த விளையாட்டே 1996 பெப்ரவரி 27 இல் யப்பானிலே 'சிவப்பு', 'பச்சை' என்னும் இரு பதிப்புகளாக வெளிவந்தது. 'பொக்கெட் மொன்ஸ்டர்', அதாவது சட்டைப்பையில் அடங்கும் பூதம், என்பதன் சுருக்கமே பொக்கிமோன். அன்று 151 ஆக இருந்த பிராணிகள் இன்று ஆயிரத்துக்கு மேற்பட்டுவிட்டன.

அவ்விரு பதிப்புகளில் ஒன்றிலே அகப்படும் பிராணிகள் சில மற்றதிலே அகப்படமாட்டா. ஆகவே எல்லாவற்றையும் சேர்க்க விரும்புபவன் இன்னொருவனிடம் கொடுத்து வாங்கியே தீரவேண்டும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எந்தப் பிராணி எத்தனை கைமாறினாலும், அதனை முதலிலே பிடித்தவர் அல்லது பொரிக்கச் செய்து வளர்த்தவர் யாரோ, அவருடைய பெயர் அதனோடு எழுதப்பட்டே இருக்கும். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எமது பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

இனி, போட்டிக்கு வருவோம். பொக்கிமோன் உலகப் போட்டியிலே 2009 ஆம் ஆண்டு தொடக்கம் இந்த வீடியோ விளையாட்டும் இடம்பெற்று வருகின்றது. வயதைக் கொண்டு போட்டியாளர் மூன்று பிரிவாக வகுக்கப்படுவர். ஒவ்வொருவரும் ஆறு பிராணிகள் கொண்ட ஓர் அணியைக் கொண்டுவருவர். எதிரியின் ஆறையும் பார்த்த பின்னர், தமது ஆறிலே நான்கைத் தெரிந்தெடுத்து, இரண்டிரண்டாகக் களத்திலே இறக்குவர். ஒவ்வொன்றுக்கும் நான்கு வித்தைகளும் ஒரு கைப்பொருளும் உண்டு. ஒரே இனத்தில் இரண்டு கூடாது. ஒரே கைப்பொருளை இரண்டு வைத்திருத்தலும் கூடாது. எல்லாப் பிராணிகளும் 50 ஆம் படியிலேயே நின்று போராட வேண்டும். ஆகவே நெடுங்காலம் விளையாடியவன் பெரும்படையோடு வந்து புதியவனை நசுக்கிவிட முடியாது. தீயை நீர் வெல்லும். நீரைப் புல் வெல்லும். புல்லைத் தீ வெல்லும். இவ்வாறு ஒன்றையொன்று வெல்லும் வகைகள் 18 உள்ளன.

படி ஒன்றென்றால், வித்தைகளும் யாவருக்கும் பொதுவென்றால், வளர்ப்பிலே என்ன வேறுபாடு இருக்கிறது என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்திலே வண்டிற் சவாரிக்கு மாடு வளர்த்தவர்கள் இக்கேள்வியைக் கேட்கமாட்டார்கள். ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே வயதுடைய இரண்டு காளைகளிலே, ஒன்று பிறப்பால் ஓடும். மற்றது பழக்கத்தால் ஓடும். இரண்டுமில்லாதது வைக்கோல் தின்னும். பொக்கிமோனும் அவ்வாறே. அதன் வலிமை உயிர்நிலை, தாக்கு, காப்பு, சிறப்புத் தாக்கு, சிறப்புக் காப்பு, வேகம் என ஆறு துறைகளாக எண்ணப்படும். இனத்துக்கு இனம் இவ்வெண்கள் வேறுபடும் என்பது ஒருபுறமிருக்க, ஒரே இனத்திலும் மூன்று காரணங்களால் அவை ஏறவும் இறங்கவும் கூடும்.

முதலாவது பிறப்பு. ஒவ்வொரு துறைக்கும் பிறக்கும்போதே 0 முதல் 31 வரை ஓர் எண் அமைந்துவிடும். விளையாடுவோர் இதனை 'ஐ.வி.' என்பர். ஆறு துறையிலும் 31 வாய்க்கும் பிராணி தற்செயலாகக் கிடைக்க வேண்டுமானால் 107 கோடிக்கு மேற்பட்டவற்றில் ஒன்றுதான் அவ்வாறு அமையும். ஆகையால் நல்ல பெற்றோரைத் தேடி, முட்டையிடச் செய்து, அம்முட்டைகளைச் சுமந்து திரிந்து பொரிக்கச் செய்து, குஞ்சுகளில் நல்லதைத் தெரிந்து, அதனையே மீண்டும் பெற்றோராக்கி, தலைமுறை தலைமுறையாகத் திருத்துவது பழைய முறை. முன்னர் தாய் தந்தையரிடமிருந்து மூன்று எண்களே பிள்ளைக்கு இறங்கின. 2013 இல் வெளிவந்த 'எக்ஸ்', 'வை' பதிப்புகளிலிருந்து, 'டெஸ்டினி நொட்' என்னும் கயிற்றைப் பெற்றோரில் ஒன்று ஏந்தியிருந்தால் ஐந்து எண்கள் இறங்கலாயின.

இரண்டாவது இயல்பு. இயல்புகள் 25. அவற்றில் ஐந்து நன்மையும் தீமையும் செய்யாதவை. மற்ற இருபதும் ஒரு துறையை நூற்றுக்குப் பத்து உயர்த்தி, இன்னொரு துறையை நூற்றுக்குப் பத்துத் தாழ்த்தும். ஒன்றைக் கொடாமல் ஒன்றைப் பெற முடியாது என்பது இங்கே விதி.

மூன்றாவது பயிற்சி. இதனை 'ஈ.வி.' என்பர். தோற்கடிக்கும் ஒவ்வொரு பிராணியும் ஒன்றோ இரண்டோ மூன்றோ புள்ளிகளை ஒரு குறித்த துறைக்குத் தந்து செல்லும். ஒரு துறைக்கு 252 புள்ளி வரையே ஏற்கும். ஆறு துறைக்கும் சேர்த்து 510 தான் கொள்ளும். வீட்டிலே ஆறு குடங்கள் இருக்கின்றன. கிணற்றிலே இரண்டு குடத்துக்குத்தான் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குடத்தை நிரப்புவது என்பதே வளர்ப்பவனுடைய அறிவு. ஆறிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் ஒன்றும் நிரம்பாது.

இதனை நாம் நூலிலே படித்து அறியவில்லை, பட்டு அறிந்தோம். எம்மிலே நால்வர், நால்வருக்கும் ஒரே 'சுவிட்ச்' கருவி. வேலை முடிந்த மாலைகளில் முறைவைத்து விளையாடுவோம். 2022 இல் வெளிவந்த 'ஸ்கார்லெட்' பதிப்பிலே கார்ச்சொம்ப் என்னும் பிராணி ஒன்றை வளர்த்தோம். அது மண்ணும் பறவைநாகமும் கலந்த வகை, பார்வைக்கே அச்சந்தருவது. வழியிலே கண்ட பிராணிகளையெல்லாம் அதனைக் கொண்டு அடித்து வீழ்த்தி, 100 ஆம் படிவரை ஏற்றினோம். இனி எம்மை வெல்வார் யார் என்று இறுமாந்து, இணையவழியே ஓர் ஆட்டத்துக்குச் சென்றோம். எதிரி சலமென்ஸ் என்னும் பறவைநாகத்தை இறக்கினார். இனத்தின் வேக எண் கார்ச்சொம்புக்கு 102, சலமென்சுக்கு 100. எங்கள் பிராணிதான் முந்தும் என்று நம்பியிருந்தோம். சலமென்ஸ் முந்திற்று. ஒரே அடி, எங்கள் கார்ச்சொம்ப் வீழ்ந்தது.

அன்றிரவு கடுதாசியும் பென்சிலும் கொண்டு கணக்குப் பார்த்தோம். முழுப்பிறப்பும், வேகத்தை உயர்த்தும் 'ஜொலி' இயல்பும், 252 புள்ளிப் பயிற்சியும் சேர்ந்தால் 50 ஆம் படியிலே கார்ச்சொம்பின் வேகம் 169. அவ்வாறே வளர்த்த சலமென்சின் வேகம் 167. இரண்டே புள்ளி வேறுபாடு; ஆனால் முதல் அடி யாருக்கு என்பதை அதுவே தீர்மானிக்கும். பயிற்சியும் இயல்பும் இல்லையாயின், பிறப்பு முழுமையாக இருந்தாலுங்கூட, கார்ச்சொம்பின் வேகம் 122 தான். நாம் கண்டதையெல்லாம் அடித்தமையால் 510 புள்ளியும் ஆறு துறைகளிலே சிதறிக் கிடந்தன. போதாக்குறைக்கு, எங்கள் பிராணியின் இயல்பு 'மொடெஸ்ட்'. அது சிறப்புத் தாக்கை உயர்த்தித் தாக்கைத் தாழ்த்துவது. கார்ச்சொம்போ தாக்கினால் வாழும் பிராணி. ஒரு மாத உழைப்பு நோக்கமின்றிப் போயிற்று. உழைத்தோம் என்பது உண்மை. எதற்காக உழைக்கிறோம் என்று அறிந்து உழைக்கவில்லை.

நிற்க. ஒரு பிராணியை நன்கு வளர்த்துவிட்டால் அணி அமைந்துவிடுமா? அமையாது. கார்ச்சொம்ப் பனிவகை அடிக்கு நான்கு மடங்கு ஆற்றாது. அதனை அறிந்த எதிரி பனிவகையோடு வருவான். ஆகவே ஒன்றின் குறையை மற்றது மூட வேண்டும். அடிப்பதற்கு இரண்டு இருந்தால், அடி தாங்குவதற்கும், எதிரியின் வலிமையைக் குறைப்பதற்கும், வேகத்தை மாற்றுவதற்கும் வேறு சில வேண்டும். இன்சினரோர் என்னும் பிராணி களத்தில் இறங்கியவுடனேயே எதிரிகள் இரண்டின் தாக்கும் தாழும். போட்டியாளர் பலர் அதனை விரும்பி வளர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

வேகத்தை மாற்றும் வித்தைகள் இரண்டைக் கூறுவோம். 'டெயில் விண்ட்' என்பது ஓர் அணியின் வேகத்தை நான்கு சுற்றுக்கு இரட்டிக்கும். 'ட்ரிக் ரூம்' என்பது ஐந்து சுற்றுக்கு முறையையே தலைகீழாக்கும். அப்போது மெதுவானதே முதலிலே அடிக்கும். இதனால் ஒரு விந்தை விளைகின்றது. டோர்க்கோல் என்று நிலக்கரி சுமக்கும் ஆமையொன்று உண்டு. அதன் இன வேகம் 20. ட்ரிக் ரூமை நம்பி அணி அமைப்பவர், பிறப்பிலே வேகம் 0 ஆகவும், இயல்பிலே வேகம் தாழ்வதாகவும், பயிற்சியிலே வேகத்துக்கு ஒரு புள்ளியும் சேராததாகவும் பார்த்துப் பார்த்து அதனை வளர்ப்பர். அவ்வாறு வளர்த்தால் அதன் வேகம் 22 க்கு இறங்கும். பிறர் குறை என்று தள்ளுவதை இங்கே வேண்டுமென்றே தேடுகிறார்கள். இடமறிந்து வைத்தால் குறையும் பலமாகும்.

இதற்கு உலகமறிந்த சான்று 2014 இல் வாஷிங்டன் நகரிலே நடந்த உலகப் போட்டியாகும். அதிலே தென்கொரியாவைச் சேர்ந்த செஜுன் பார்க் என்பவர் பாச்சிரிசு என்னும் சிறு அணிலைக் கொண்டுவந்தார். மின்வகையைச் சேர்ந்த அவ்வணிலைப் பெரும் போட்டிகளிலே ஒருவரும் பொருட்படுத்தியதில்லை. அவர் அதனை அடிப்பதற்காக வளர்க்கவில்லை; உயிர்நிலைக்கும் காப்புக்குமே பயிற்சி தந்து, அடிதாங்கியாக வளர்த்தார். 'ஃபொலோ மீ' என்னும் வித்தையால் அது எதிரியின் அடியைத் தன்மேல் இழுத்துக்கொள்ளும். அதன் தனியாற்றலோ மின்னடியை உணவாக்கி உயிரை வளர்ப்பது. பக்கத்திலே நிற்கும் கயரடோஸ் என்னும் பெரும் பிராணிக்கு மின்னே பகை. அப்பகையை அணில் விழுங்கிவிடும். பெரியவை பாதுகாப்பாக நின்று அடித்தன. செஜுன் பார்க் அவ்வாண்டு உலக வீரரானார். அந்த அணிலைத் தனியே பார்த்தவர் அதன் பெருமையை அறிந்திருக்க முடியாது. அணியிலே வைத்துப் பார்த்தவரே அறிந்தார்.

இனி, நாம் முன்னர் கூறிய பிணக்குக்கு வருவோம். இணையவழிப் போட்டியொன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தோம். மூன்று கிழமைகளே இருந்தன. எங்கள் அணியோ அரைகுறை. அவ்வேளையில் எம்மில் இளையவரான ஒருவர் ஆறு பிராணிகளோடு வந்தார். எல்லாம் குறைவற்றவை, பயிற்சி முடிந்தவை. ஆனந்தமடைந்தோம். பின்னர் உற்றுப் பார்த்தபோது, வளர்த்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மனிதர் பெயரில்லை. ஓர் இணையத்தளத்தின் பெயர் இருந்தது. ஆறும் ஒரே நாளிலே தோன்றியவை. அவை விளையாட்டுக்குள்ளே பிறந்து வளர்ந்தவையல்ல. வெளியே ஒரு கணினி நிரலால் எண்களை எழுதி ஆக்கப்பட்டவை.

இளையவர் தம் பக்கத்து நியாயத்தைச் சொன்னார். "அண்ணை, உரலிலே இடிச்ச மாவென்றால் என்ன, மில்லிலே அரைச்ச மாவென்றால் என்ன, பிட்டுப் பிட்டுத்தானே? போட்டி மூளைக்கு, முட்டை பொரிக்கிறதுக்கு இல்லை." அவர் கூற்றை எளிதிலே தள்ளிவிட முடியாது. பகலெல்லாம் வேலை செய்பவனுக்கு இத்தனை மணி நேரம் எங்கேயிருந்து வரும்? பழைய பதிப்புகளிலே மாத்திரம் கிடைக்கும் பிராணிகளை வாங்கப் பணம் எங்கேயிருந்து வரும்? 2023 ஆகஸ்டில் யொக்கோகாமா நகரிலே உலகப் போட்டி நடந்தபோதும் இதே விவாதம் எழுந்தது. அங்கே சோதனையில் வெளியே ஆக்கப்பட்ட பிராணிகள் அகப்பட்டமையால் போட்டியாளர் சிலர் விலக்கப்பட்டனர். உலகின் பல பாகங்களிலிருந்தும் ஆண்டு முழுவதும் முயன்று வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்காக இரங்கியவரும் உண்டு. விதி விதியே என்றவரும் உண்டு.

நாம் மூன்று இரவுகள் இதனைப் பற்றி வாதித்தோம். முடிவில் எமக்குத் தோன்றிய நியாயங்களைச் சொல்லுகிறோம்.

முதலாவது: உழைப்பின் சுமை முன்போல இல்லை. 2016 இலே பிறப்பின் குறையைப் பயிற்சியால் நிரப்பும் வழி வந்தது. 2019 இலே இயல்பின் பயனை மாற்றும் 'மின்ட்' இலைகள் வந்தன. பயிற்சிப் புள்ளியைப் பத்துப் பத்தாக ஏற்றும் மருந்துகள் கடையிலே கிடைக்கின்றன. 26 வாங்கினால் ஒரு துறை நிரம்பும். பிழையாக ஏறியதைப் பத்துப் பத்தாக இறக்கும் பழங்களும் உண்டு. பல நாள் வேலை ஒரு மாலைப் பொழுதிலே முடியக்கூடியதாயிற்று. நண்பரிடம் நேர்வழியில் வளர்ந்த பிராணியை வாங்கவும் தடையில்லை. வழி குறுகிய பின்னரும் வேலி பாய்வதற்கு நியாயம் குறைவு.

இரண்டாவது: இன்றைய பெரும் போட்டிகளில் எதிரியின் வித்தைகளும் கைப்பொருளும் தனியாற்றலும் எழுதிய தாளை இருவரும் மாற்றிக்கொள்வர். பயிற்சி எண்கள் அத்தாளில் இரா. ஆகவே காணாத அந்த எண்களைப் பற்றி எதிரி எம்மை நம்பியே களத்தில் அமர்கிறார். அவர் முகம் தெரியாதவராக இருக்கலாம். கடல் கடந்த நாட்டினராக இருக்கலாம். அந்த நம்பிக்கையை உடைத்துப் பெறும் வெற்றி எமக்கு எதற்கு? பிட்டுப் பிட்டுத்தான், ஆனால் தன் கையால் அவித்த பிட்டையே கொண்டுவர வேண்டும் என்பது பந்தியின் விதியாக இருந்தால், கடைப் பிட்டோடு அங்கே உட்காருவது பசிக்குற்றமன்று, பொய்க்குற்றம்.

மூன்றாவதை எமக்குக் கற்பித்தவர் அந்த இளையவரே. அவர் கொண்டுவந்த ஆறிலே ஒரு டோர்க்கோலும் இருந்தது. அதன் வேகம் 22 என்று கண்டு, "இது பழுதான சாமான்" என்று அவர் ஒதுக்கி வைத்திருந்தார்! அணியின் உயிரே அந்த ஆமைதான் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஏனெனில் அதனை ஏன் அவ்வாறு ஆக்கினார்கள் என்று அவர் சிந்திக்க வேண்டியிருக்கவில்லை. ஆயத்தமாகக் கிடைத்த அணியிலே எண்கள் வந்தன. காரணம் கூட வரவில்லை.

அந்த ஆறையும் நீக்கிவிட்டோம். நால்வரும் வேலையைப் பங்கிட்டோம். ஒருவருக்கு ஒரு மாலையில் ஒரு மணி நேரமே என்று வரையறுத்தோம். வீட்டாரின் முறைப்பாட்டுக்கு அதுவே தக்க விடையாயிற்று. டோர்க்கோலை வளர்க்கும் பொறுப்பை அந்த இளையவரிடமே கொடுத்தோம். வேகம் குறைந்த குஞ்சைத் தேடி அவர் எத்தனையோ முட்டைகளைப் பொரிக்கச் செய்தார். போட்டி நாளும் வந்தது. உண்மையைச் சொன்னால், நாம் வென்ற ஆட்டங்கள் குறைவு, தோற்றவை மிகுதி. எவரும் எமக்கு மாலை சூட்டவில்லை.

ஆயினும் ஓர் ஆட்டத்தை மறக்க முடியாது. எதிரி டெயில் விண்ட் வீசித் தம் அணியின் வேகத்தை இரட்டித்தார். அதே சுற்றிலே எங்கள் ஹாட்டரீன் ட்ரிக் ரூமை விரித்தது. இரட்டித்த வேகமே அவர்களுக்குத் தளையாயிற்று. எல்லாரிலும் மெதுவான ஆமை எல்லாரிலும் முந்தி அடித்தது. கருவியைக் கையில் வைத்திருந்தவர் அந்த இளையவர். ஆட்டம் முடிந்ததும் அவர் துள்ளவில்லை. டோர்க்கோலின் விவரப் பக்கத்தைத் திறந்து, வளர்த்தவர் பெயரைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே எமது நால்வரின் பெயர்களிலிருந்தும் ஓரெழுத்து எடுத்துச் சேர்த்த பெயர் இருந்தது.

அன்பர்களே! திரையிலே தோன்றும் பிராணிக்கு உயிரில்லை என்பதை நாம் அறிவோம். ஆனால் அதனை வளர்ப்பவனுக்கு உயிருண்டு. பொறுமையும் கணக்கும் நேர்மையும் வளர்வது அவனிடத்திலேயே. எங்கள் கருவியைச் சங்கத்து வாசிகசாலையிலே சனிக்கிழமை மாலைகளில் வைத்திருக்கத் தலைவர் அவர்கள் இசைந்துள்ளார்கள். விருப்பமுள்ள தம்பிமாரும் தங்கைமாரும் வரலாம். அணி எதுவும் ஆயத்தமாகத் தரமாட்டோம், முட்டை தருவோம்.